எஸ்எஸ்டி பார்ட்டிஷன் அலைன்மெண்ட்: கேள்வி பதில்

எல்லோருக்கும் முதலில் ஒன்று. பார்ட்டிஷனில் (டிஸ்க்கைப் பிரித்த பகுதியில்) கை வைக்கும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். அதே எஸ்எஸ்டியின் டி டிரைவில் காப்பி செய்வது பேக்கப் ஆகாது. தனி டிஸ்க் வேண்டும்.

கேள்வி: அண்ணா, எக்ஸ்பியில் பிரித்த ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 7 போட்டிருந்தேன். அதை அப்படியே குளோன் செய்து எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். ஏஎஸ் எஸ்எஸ்டி பெஞ்ச்மார்க் என்ற வேகம் பார்க்கும் டூலில் ‘31 கே - பேட்’ என்று வருகிறது. என்ன அர்த்தம்?

பதில்: பார்ட்டிஷன் தொடங்கும் இடம் தப்பு என்று அர்த்தம். அந்தத் தொடக்கம் டிஸ்க்கின் உள் துண்டுகளின் எல்லையோடு பொருந்துவதுதான் அலைன்மெண்ட். பழைய பயாஸ் முறையில் ஒரு டிராக்கில் (டிஸ்க்கின் ஒரு வட்டத்தில்) அதிகபட்சம் 63 செக்டர்தான் (செக்டர் என்பது 512 பைட் துண்டு). முதல் டிராக்கை பூட் ரெக்கார்டுக்கு விட்டுவிட்டு, பார்ட்டிஷனை செக்டர் 63-இல் தொடங்குவது எக்ஸ்பி வரை வழக்கம். 63 × 512 = 32,256 பைட். 4096-ஆல் வகுத்தால் 7.875. அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கில் செக்டரே 512 பைட் என்பதால் இதனால் கெடுதல் இல்லை.

எஸ்எஸ்டி அப்படி இல்லை. உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் (எஸ்எஸ்டியை நடத்தும் சிப்) பெரும்பாலும் 4 கேபி, அதாவது 4096 பைட் துண்டுகளாகக் கணக்கு வைக்கிறது. விண்டோஸ் ஃபைல்களைப் பிரித்து வைக்கும் என்டிஎஃப்எஸ் கிளஸ்டரும் வழக்கமாக 4 கேபி. தொடக்கம் தள்ளிப் போனதால் உங்கள் ஒவ்வொரு கிளஸ்டரும் ஒரு துண்டில் அரை கேபி, அடுத்ததில் மூன்றரை கேபி என்று உட்கார்ந்திருக்கிறது. பந்தியில் ஒருவர் இரண்டு இலைக்கு நடுவே உட்கார்ந்த மாதிரி. ஒரு கிளஸ்டரை மாற்ற இரண்டு துண்டையும் படித்து, கலந்து, இரண்டையும் வேறு இடத்தில் புதிதாக எழுத வேண்டும். வேகமும் போகிறது, ஃபிளாஷின் ஆயுளும் தேய்கிறது.

விண்டோஸ் 7 புதிதாகப் பிரித்திருந்தால் 1 எம்பியில் தொடங்கியிருக்கும். நீங்கள் பழைய பிரிப்பையே வைத்துக்கொண்டீர்கள், குளோனும் அதையே கொண்டுவந்துவிட்டது.

கேள்வி: டூல் எதுவும் இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

பதில்: ரன்னில் எம்எஸ்இன்ஃபோ32 கொடுங்கள். ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் போனால் ‘பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட்’ (பார்ட்டிஷன் தொடங்கும் இடம்) பைட் கணக்கில் இருக்கும். 4096-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் சரி. விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையை மட்டும் நம்பாதீர்கள், அதன் பட்டியல் 31.5 கேபியை 32 என்று முழுதாக்கிக் காட்டலாம், நீங்களும் சரியென்று நினைத்துவிடுவீர்கள். சி டிரைவோடு நிறுத்தாமல் எல்லா பார்ட்டிஷனையும் பாருங்கள்.

கேள்வி: புது லேப்டாப், விண்டோஸ் 11. நானும் அலைன் பண்ணணுமா?

பதில்: வேண்டாம். விஸ்டாவிலிருந்தே 1 எம்பிதான்.

கேள்வி: சார், இது பழைய கதை. நாம் சொல்லும் செக்டர் எண்ணுக்கும் ஃபிளாஷில் இருக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லை, கன்ட்ரோலர் எங்கே வேண்டுமானாலும் எழுதும். அப்புறம் அலைன்மெண்ட் எதற்கு?

பதில்: பாதி சரி. இடம் மாறும், துண்டின் அளவு மாறாது. கன்ட்ரோலரின் அட்டவணையில் ஒரு வரி என்பது 4 கேபி. நீங்கள் இரண்டு வரியைத் தொட்டால் அது இரண்டு வரியைத்தான் மாற்றும். பெரிய சினிமா ஃபைலை காப்பி செய்து பார்த்துவிட்டு வித்தியாசமே இல்லை என்பார்கள். அதில் இரு ஓரங்களில்தான் இடிக்கும். சின்னச் சின்னதாக, சிதறலாக எழுதும் டேட்டாபேஸில் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் எரேஸ் பிளாக்குக்கும் (ஃபிளாஷ் ஒரே தடவையில் அழிக்கும் பகுதி) அலைன் செய்யத்தானே வேண்டும்? டிஎல்சி வகை ஃபிளாஷில் 2-இன் அடுக்காக இல்லாத பிளாக் உண்டு. உங்கள் 1 எம்பி அதற்குப் பொருந்தாதே?

பதில்: நல்ல கேள்வி. பொருந்தாது, பொருந்தவும் தேவையில்லை. இங்கேதான் நீங்கள் முதலில் சொன்னது முழுக்கச் சரி. கன்ட்ரோலர் வந்த எழுத்தையெல்லாம் வரிசையாகத் திறந்திருக்கும் பிளாக்கில் சேர்த்துக்கொண்டே போகிறது. எந்த செக்டர் எந்த பிளாக்கில் விழும் என்பது உங்கள் பார்ட்டிஷன் தொடக்கத்தைப் பொறுத்தது அல்ல. பிளாக் அளவைத் தேடி வித்தியாசமான ஆஃப்செட் கொடுப்பதால் பெரிதாக எதுவும் கிடைக்காது. 1 எம்பியே போதும்.

கேள்வி: எஸ்எஸ்டி ஸ்லோ. அலைன் பண்ணினால் சரியாகுமா?

பதில்: இதையே மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள், ஒருவரும் ஆஃப்செட் எண்ணைச் சொல்லவில்லை. எண் இல்லாமல் என்னால் பதில் சொல்ல முடியாது. டிஸ்க் நிரம்பியிருக்கிறதா, டிரிம் (அழித்த ஃபைலின் இடத்தை எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) ஓடுகிறதா, பயாஸில் டிஸ்க்கோடு பேசும் முறை பழைய ஐடிஇ மோடா, புதிய ஏஹெச்சிஐயா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஜிபார்ட்டடில் (பார்ட்டிஷனை மாற்றும் டூல்) நகர்த்திவிடலாமா?

பதில்: நகர்த்தலாம், ‘அலைன் டு எம்ஐபி’ தேர்வு செய்யுங்கள். உள்ளே இருக்கும் டேட்டா மொத்தமும் இடம் பெயரும். நடுவில் கரண்ட் போனால் பார்ட்டிஷனே போய்விடும். யுபிஎஸ், பேக்கப் இரண்டும் இல்லாமல் தொடாதீர்கள். என்னைக் கேட்டால், புதிதாகப் பிரித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது.

கேள்வி: அண்ணா, 31 கே கேட்டவன்தான். பேக்கப் எடுத்துவிட்டு நகர்த்தினேன். ஜிபார்ட்டடில் செக்டர் 2048 (அதாவது 1 எம்பி) காட்டுகிறது, ஆனால் விண்டோஸ் பூட் ஆகவில்லை!

பதில்: பயப்படாதீர்கள், டேட்டா அங்கேயேதான் இருக்கிறது. எம்பிஆர் (பழைய வகை பார்ட்டிஷன் அட்டவணை) டிஸ்க்கில் பூட் மேனேஜர் பார்ட்டிஷனை டிஸ்க் சிக்னேச்சரும் (டிஸ்க்கின் அடையாள எண்) தொடக்க ஆஃப்செட்டும் வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஆஃப்செட் மாறியதால் தேடித் திணறுகிறது. விண்டோஸ் 7 டிவிடியில் பூட் செய்து ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட விடுங்கள். ஒரே தடவையில் சரியாகாவிட்டால் மறுபடி ஓட்டுங்கள். அதுவரை பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.