தம்லுக் தேசிய அரசு: கேள்வி பதில்

(1942 டிசம்பர் 17 அன்று வங்காளத்தின் மிதுனாப்பூர் மாவட்டத்துத் தம்லுக் பகுதியில் தொடங்கி, 1944 வரை நடந்த தாம்ரலிப்த ஜாதீய சர்க்கார், அதாவது தம்லுக் தேசிய அரசு, பற்றி.)

கல்லூரி மாணவி: வெள்ளைக்காரன் ஆட்சிக்குள்ளேயே தனி அரசு எப்படிச் சாத்தியமானது?

'வெள்ளையனே வெளியேறு' என்ற ஒற்றை வரியில் பலர் முடித்துவிடுகிறார்கள். அது போதாது, படகிலிருந்து தொடங்குங்கள். ஜப்பான்காரன் வந்தால் பயன்படக் கூடாதென்று, பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளை 1942-இல் அரசு பறித்தது. ஆறும் கால்வாயுமான அந்தப் பகுதியில் படகு போனால் மீனும் போச்சு, சந்தையும் போச்சு. நெல்லையும் வெளியே ஏற்றினார்கள். செப்டம்பர் 29-இல் காவல் நிலையங்களை நோக்கி ஊர்வலங்கள், துப்பாக்கிச் சூடு. அக்டோபர் 16-இல் புயல். கடல் ஊருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். செய்தியைக்கூட உடனே வெளியிட விடவில்லை. வங்காள நிதியமைச்சர் சியாமா பிரசாத் முகர்ஜி நவம்பரில் பதவி விலகினார்; மிதுனாப்பூர் அடக்குமுறையும் அதற்கு ஒரு காரணம். பிணத்தை எடுக்கவும் கஞ்சி ஊற்றவும் ஆளில்லாத இடத்தில், ஏற்கெனவே ஊர்க்காரர்களாக இருந்த காங்கிரஸ் தொண்டர்கள் அரசாகிவிட்டார்கள். முதல் சர்வாதிநாயகர், அதாவது அரசின் தலைவர், சதீஷ் சந்திர சாமந்தா.

மதுரை வாசகர்: இது நேதாஜியின் அரசுதானே?

இல்லை. நேதாஜி அமைத்தது ஆசாத் ஹிந்த் அரசு: 1943 அக்டோபர் 21, சிங்கப்பூர். இரண்டையும் குழப்பாதீர்கள்.

இன்னொருவர்: மாதங்கினி ஹஸ்ரா அதில் என்ன பொறுப்பில் இருந்தார்?

அரசு அமையும் முன்பே, அந்த செப்டம்பர் 29 ஊர்வலத்தில் கொடியோடு சுடப்பட்டு இறந்தார். எழுபதைத் தாண்டிய கிழவி.

கும்பகோணம் வாசகர்: இந்த அரசு பணக்காரர் வீட்டு நெல்லை எடுத்துக் கொடுத்ததைக் கொள்ளை என்றுதானே சொல்ல வேண்டும்?

சொல்லலாம், களஞ்சியக்காரர் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அடுத்த வருடமே வங்காளப் பஞ்சம் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பஞ்சாயத்து நீதிமன்றம் வைத்து வழக்குத் தீர்த்தார்கள், பள்ளிக்கு மானியம் கொடுத்தார்கள். கொள்ளைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு?

அவரே: அப்படியானால் காந்தியவாதிகள் என்று சொல்லாதீர்கள்.

நியாயம். வித்யுத் பாகினி என்ற ஆயுதப்படை, சுசில் தாராவின் தலைமையில், அகிம்சைக் கணக்கில் சேராத காரியங்கள் பல செய்தது. ஆனால் தலைமறைவுப் போராட்டக்காரர்கள் வெளியே வரவேண்டுமென்று காந்தி 1944-இல் சொன்னதும், அரசையே கலைத்துவிட்டு இவர்கள் வெளியே வந்தார்கள். கலைத்திருக்க வேண்டுமா என்பது வேறு சண்டை. வேண்டாம் என்பது என் கட்சி.

அவரே: காந்தி சொல்லித் துப்பாக்கி எடுக்கவில்லை, காந்தி சொல்லிக் கீழே வைத்தார்கள். வசதிதான்!

வசதியா? கீழே வைக்கும் முன்பே விலை கொடுத்தார்கள்: சாமந்தா 1943-லேயே கைதாகிவிட்டார்.

புதியவர்: நேதாஜி இதில் எந்தத் துறையை வைத்திருந்தார்?

ஐயா, மேலே ஒரு தடவை படித்துவிடுங்கள். அப்போது அவர் ஜெர்மனியில்.

மாணவி: தலைவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

சாமந்தா தம்லுக்கிலிருந்து மக்களவைக்குப் போனார். அவருக்குப் பின் அரசை நடத்திய அஜய் முகர்ஜி 1967-இல் மேற்கு வங்க முதலமைச்சர். காங்கிரஸை விட்டு விலகி வந்து, காங்கிரஸைத் தோற்கடித்து. துணை முதல்வர் யார் தெரியுமா? மார்க்சிஸ்ட் தலைவர் ஜோதி பாசு.