சென்னையின் மக்கள்தொகை உண்மையில் எவ்வளவு?

கேள்வியில் நான்கு எண்களைக் கொடுத்திருக்கிறீர்கள்: 46 லட்சம், 67 லட்சம், 87 லட்சம், 1.2 கோடி. இவற்றில் எது சரி என்பது முதல் கேள்வி. வெளிமாநிலத்தவர் வருகையால்தான் சென்னை இப்படி வீங்குகிறதா என்பது இரண்டாவது.

நான் பள்ளி ஆசிரியர். 2011 கணக்கெடுப்பில் புரசைவாக்கம் பக்கம் சில தெருக்களுக்கு என்னைக் கணக்கெடுப்பாளராகப் போட்டிருந்தார்கள். அந்த அனுபவத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் மூன்று எண்களும் ஒரே கணக்கெடுப்பிலிருந்து வந்தவை, மூன்றும் சரியானவை. மாறுவது எல்லைக்கோடு மட்டும். 46.46 லட்சம் என்பது பழைய சென்னை மாவட்டம், அதாவது அப்போதைய 174 சதுர கிலோமீட்டர் மாநகராட்சி. எண்ணி முடித்த சில மாதங்களில், 2011 அக்டோபரில், அம்பத்தூர், திருவொற்றியூர், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் என்று 42 உள்ளாட்சிகளை இணைத்து மாநகராட்சியை 426 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். அந்தப் பரப்புக்குள் ஏற்கெனவே எண்ணப்பட்டிருந்தவர்களைக் கூட்டினால் ஏறத்தாழ 67 லட்சம். ஆவடி, பல்லாவரம், தாம்பரம் என நகரோடு ஒட்டி வளர்ந்த ஊர்களையும் சேர்த்தால் 86 லட்சத்தைத் தாண்டும். அதைத்தான் 87 லட்சம் என்று முழுமையாக்கி எழுதுகிறார்கள். நான்காவதான 1.2 கோடி யாரும் வீடு வீடாகப் போய் எண்ணியதல்ல. பழைய வளர்ச்சி வேகத்தை வைத்து ஐக்கிய நாடுகள் சபை முன்கூட்டிக் கணித்தது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், மதிப்பீடுகளே உண்மை எண்களைப் போல நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டன.

கோடு நகர்ந்ததால் எண் வளர்வது சென்னைக்குப் புதிதல்ல. 1901இல் சென்னையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 5.1 லட்சம் பேர்; 1921இல் 5.3 லட்சம். அந்த இருபது ஆண்டுகளில் நகரம் நின்ற இடத்திலேயே நின்றது என்று சொல்லலாம். பிறகு 1941க்கும் 1951க்கும் இடையில் 7.8 லட்சத்திலிருந்து 14 லட்சமாகத் தாவியது. போர்க்காலமும் சுதந்திரமும் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் 1946இல் சைதாப்பேட்டை முதலான பகுதிகளை நகரத்துக்குள் சேர்த்ததும் அதே பத்தாண்டில்தான். 1978இல் வேளச்சேரி, திருவான்மியூர் முதலியவை வந்தன. ஆகவே பழைய அட்டவணையைப் பார்த்து ‘இத்தனை சதவீத வளர்ச்சி’ என்று கட்டுரை எழுதுகிறவர்கள், பக்கத்திலேயே பரப்பளவையும் எழுதாவிட்டால் அந்தச் சதவீதத்துக்குப் பொருள் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எல்லை மாறாத ஒரு பத்தாண்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 2001 முதல் 2011 வரை. சென்னை மாவட்டம் 43.43 லட்சத்திலிருந்து 46.46 லட்சமானது, அதாவது 7 சதவீத வளர்ச்சி. தமிழ்நாடு முழுவதுமே 15.6 சதவீதம் வளர்ந்த காலம் அது! அதே பத்தாண்டில் திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதம் கூடியது. செங்கல்பட்டையும் உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டம் கிட்டத்தட்ட 39 சதவீதம். நகரத்தின் நடுப்பகுதி வீங்கவில்லை, வெளிவட்டம்தான் வீங்கியது. நகருக்குள் குடியேறியவர்களுக்குக் குறையாமல் ஆட்கள் வெளியேறியும் இருக்கிறார்கள் என்பதே என் வாசிப்பு.

எனக்குக் கொடுத்த தெருக்களிலேயே இது கண்ணுக்குத் தெரிந்தது. வரைபடத்தில் வீடு என்றிருந்த கட்டடம் நேரில் துணிக்கடையாக இருக்கும், மாடியில் கிடங்கு. ஒரு காலத்தில் ஐந்தாறு குடித்தனங்கள் இருந்த வீட்டில் வயதான தம்பதி மட்டும் இருப்பார்கள். ‘பையன் எங்கேம்மா?’ என்று கேட்டால் பெருங்களத்தூர், பட்டாபிராம், மாதவரம் என்று பதில் வரும். வாடகை கட்டுப்படியாகாமல் போனவர்கள் பாதி, மின்சார ரயில் பாதையோரம் மனை வாங்கிப் போனவர்கள் மீதி. நானும் இப்போது கூடுவாஞ்சேரிவாசிதான். வேலை, மருத்துவர், தீபாவளித் துணி எல்லாம் சென்னையில். ஆனால் மாநகராட்சியைத் தாண்டி, நகரத் திட்டமிடலுக்காக வரைந்த, 1,189 சதுர கிலோமீட்டர் என்றிருந்த பெருநகர எல்லையில்கூட எங்கள் ஊர் கிடையாது. 2022இல் அந்த எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தபோதுதான் அரசாங்கக் காகிதத்தில் நாங்கள் உள்ளே வந்தோம்.

எல்லோரும் விரும்பிப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி என்று ஏற்றி அனுப்பினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பலர் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள். பெரும்பாக்கம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. நகரத்தின் பெயர்ப்பட்டியலில் குறைந்தவர்கள் ஓர் ஊராட்சியின் பட்டியலில் கூடினார்கள். பெரும்பாக்கத்துக்கான இந்த நகர்வு 2011க்குப் பிறகு நடந்ததால், நீங்கள் கொடுத்த முதல் மூன்று எண்களிலும் இல்லை.

வெளிமாநிலத்தவரைப் பற்றி: 2001 கணக்கில், சென்னைக்கு இடம்பெயர்ந்து வந்திருந்தவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். பிற மாநிலத்தவர் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. அதிலும் ஆந்திரர்களே அதிகம். கட்டுமானத்துக்கும் உணவகங்களுக்கும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் தொழிலாளர்கள் அதன் பிறகு பெருகியிருப்பதைத் தெருவில் நடக்கிற எவரும் பார்க்கிறோம். அது எத்தனை என்பதைப் புதிய கணக்கெடுப்புதான் சொல்ல முடியும். வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘பாதிச் சென்னை அவர்கள்தான்’ என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பிறப்பால் பெருகும் காலமும் முடிந்துவிட்டது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் இருந்தால்தான் மக்கள்தொகை காலப்போக்கில் தன்னைத்தானே தாங்கும். 2005–06 குடும்பநல ஆய்விலேயே தமிழ்நாடு 1.8க்கு இறங்கியிருந்தது. சென்னையில் பதிவாகும் பிறப்புகளைக் காட்டி இதை மறுப்பார்கள். பிறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். எழும்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் உள்ள அரசு மருத்துவமனைகளுக்குச் சுற்று மாவட்டங்களிலிருந்தெல்லாம் பிரசவத்துக்கு வருகிறார்கள்.

இந்த நகர்வு தேர்தலில் பளிச்சென்று தெரியும். தொகுதி எல்லைகள் 2001 கணக்கை வைத்து வரையப்பட்டவை. 2021 சட்டமன்றத் தேர்தலில் துறைமுகம் தொகுதியில் 2 லட்சத்துக்கும் குறைவான வாக்காளர்கள். சோழிங்கநல்லூரில் 6 லட்சத்துக்கும் மேல். இரண்டுக்கும் ஒரே ஒரு சட்டமன்ற உறுப்பினர்.

கல்லூரிக் கட்டுரைக்கு என்று சொல்லியிருக்கிறீர்கள். மாநகராட்சியின் குப்பை, சாலை, வரி பற்றி எழுதினால் 67 லட்சத்தை எடுங்கள். குடிநீர், ரயில், வேலைவாய்ப்பு என்றால் 87 லட்சம்தான் பொருந்தும். 1.2 கோடியைப் போட்டால் ‘மதிப்பீடு’ என்று எழுதிவிடுங்கள். அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள், அதாவது எந்த நாளின் நிலவரத்தை எண்ணுகிறார்களோ அந்த நாள், 2027 மார்ச் 1. விடுதியிலோ வாடகை அறையிலோ இருந்தால் ஒரு வேண்டுகோள்: ‘எங்கள் பெயர் ஊர் ரேஷன் அட்டையில் இருக்கிறது, இங்கே வேண்டாம்’ என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர்களை நான் நிறையப் பார்த்தேன். கணக்கெடுப்புக்கும் ரேஷன் அட்டைக்கும் சம்பந்தம் இல்லை. எங்கே வசிக்கிறீர்களோ அங்கே பெயரைக் கொடுங்கள்.