மழையில் நனைந்து பூத்த வத்தல்: வறுத்து அரைத்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து 40 கிலோ முண்டு வத்தல் வாங்கி முற்றத்தில் காயப்போட்டிருந்தோம். சித்திரை மழை திடீரென்று கொட்டியதில் நனைந்துவிட்டது. அவசரமாக இரண்டு சாக்குகளில் அள்ளிக் கட்டி வைத்தோம். கல்யாண வேலையில் மூன்று நாள் பிரிக்கவில்லை. இப்போது ஒரு சாக்கில் பல வத்தல்களின் காம்புப் பக்கம் சாம்பல் நிறத்தில் பூத்திருக்கிறது. வெயிலில் போட்டு, நன்றாக வறுத்து அரைத்தால் எல்லாம் போய்விடும் என்கிறார் அப்பத்தா. ஒரு தரகர் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். வேண்டுமானால் லேப் சர்டிபிகேட்டும் வாங்கித் தருகிறாராம். ஆர்டரின் பேரில் மசாலாப் பொடி செய்து கொடுக்கிறோம். என்ன செய்வது?

பதில்: பூத்த சாக்கை அரைக்காதீர்கள். தரகருக்கும் கொடுக்காதீர்கள். அரைக்காமல் இருந்துவிட்டு அவருக்கு விற்றால், உங்கள் வீட்டுப் பொடியிலிருந்து விலக்கிய விஷத்தை ஊரார் குழம்புக்கு அனுப்பியதாகத்தான் ஆகும்.

அப்பத்தா சொல்வதில் பாதி சரி. வறுத்தால் பூஞ்சணம் செத்துப்போகும். ஆனால் சாவதற்கு முன் அது சுரந்துவிட்டுப் போன விஷம் அப்படியே இருக்கும். வத்தல், கடலை, மக்காச்சோளம் போன்றவற்றில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்றொரு பூஞ்சை வளரும். அது உண்டாக்கும் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். அந்த நஞ்சு சிதைவதற்கு ஏறத்தாழ 240 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டில் வத்தல் கரியாகிவிடும். வீட்டு வறுவலில் நஞ்சு கொஞ்சம் குறையலாம், போகாது. வெயிலில் போட்டால் ஈரம் போகும், பூத்தது உதிரும், பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆபத்தே அதில்தான். கழுவுவதும் துடைப்பதும் அந்த வகையே.

உடனே பயந்துவிடவும் வேண்டாம். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதியில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள். அவர்கள் வேளாவேளைக்கு அதையே உணவாகச் சாப்பிட்டவர்கள். மிளகாய்ப் பொடியை யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. இங்கே கவலை வேறு: கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்கில் உடம்புக்குள் போவது. அஃப்ளாடாக்சின் ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிரூபணமான விஷயம். ஹெபடைடிஸ்-பி இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு.

இந்தியாவில் மசாலாப் பொருள்களுக்கு அனுமதித்த உச்ச அளவு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். அதாவது ஒரு டன் வத்தலில் 30 மில்லிகிராம். ஐரோப்பாவில் வத்தலுக்கு அது 10 மைக்ரோகிராம்தான். இவ்வளவு நுண்ணிய அளவை நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்காது.

இரண்டாவது சாக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நனைந்த வத்தலெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. மழை பட்டவுடன் நஞ்சு வந்துவிடாது. பூஞ்சை முளைத்து, பரவி, நஞ்சு சுரக்க ஈரமும் கதகதப்பும் சேர்ந்து ஓரிரு நாளாவது கிடைக்க வேண்டும். சாயங்காலம் நனைந்த வத்தலை இரவே விரித்து, ஃபேன் காற்றில் போட்டு, மறுநாள் வெயிலில் மெல்லிசாகப் பரப்பி முறுமுறுவென்று காயவைத்துவிட்டால் தாராளமாகப் பயன்படுத்தலாம். நிறம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் வத்தல் மூன்று நாள் கட்டிய சாக்குக்குள் வெந்திருக்கிறது. இரண்டாவது சாக்கில் மேலே இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தரையில் கொட்டுங்கள். சாக்கின் நடுவிலும் அடியிலும் இருந்தவற்றிலிருந்து ஐம்பது, அறுபது வத்தலை எடுத்து நீளவாக்கில் பிய்த்து உள்ளே பாருங்கள். விதை வெளிர்மஞ்சளாக, உள்தோல் சுத்தமாக, காம்படி காய்ந்து இருந்தால் சரி. விதை கறுத்தோ, உள்ளே நூல் மாதிரி வெள்ளையோ, சாம்பலோ, பச்சையோ தெரிந்தாலும், அல்லது சாக்கைப் பிரித்தவுடன் மக்கல் வாடை அடித்தாலும், அந்தச் சாக்கும் போக வேண்டியதுதான். நல்லதாகப் பொறுக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஒரே சாக்கில் பூத்ததோடு கலந்து கிடந்ததைப் பொறுக்கி எடுத்து வியாபாரத்துக்கு அரைக்காதீர்கள். வெளியே தெரியாமல் உள்ளே பூத்ததை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பார்த்தா அரைக்க முடியும்? வெளுத்துப்போன சோடை வத்தல் வேறு விஷயம், அது பெரும்பாலும் தரக்குறைவு மட்டுமே.

இப்போது அந்தத் தரகர். பூத்த வத்தலைப் பாதி விலைக்கு எடுக்கிறவர் அதை எரிக்கவா எடுக்கிறார்? முழு வத்தலாக அதை விற்க முடியாது, பார்த்தாலே தெரிந்துவிடும். பொடியாக்கினால் தெரியாது. பூத்த வத்தலில் சிவப்பு செத்துப்போயிருக்கும். அதனால் எண்ணெய் தடவி மினுக்குவார்கள், போதாதபோது சாயம் சேர்ப்பார்கள். சூடான் என்ற தொழிற்சாலைச் சாயம் இந்தியாவிலிருந்து போன மிளகாய்ப் பொடியில் இருப்பதை 2003-இல் பிரான்ஸில் கண்டுபிடித்தார்கள். அதே சாயத்தால் 2005-இல் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பொடியைத் தண்ணீரில் தூவினால் கலப்படம் தெரியும் என்று வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவை நம்பாதீர்கள். சூடான் எண்ணெயில் கரைகிற சாயம். தண்ணீரில் இறங்காது, அந்தச் சோதனையில் பாஸாகிவிடும்.

அவர் தருவதாகச் சொல்லும் சர்டிபிகேட்டுக்கு வருவோம். இதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். முதலாவது, பாக்கெட்டில் அச்சிடும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் பதிவு அல்லது உரிமத்தின் எண். உங்கள் பொடியை யாரோ சோதித்தார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. அந்தப் பதிவுக்குத் தரகர் தேவையே இல்லை, அந்த ஆணையத்தின் ஃபோஸ்கோஸ் இணையதளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். இரண்டாவது, லேப் ரிப்போர்ட் என்பது நீங்கள் கொடுத்த 200 கிராமைப் பற்றி மட்டுமே பேசும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வத்தலுக்குப் பொருந்தாது. ஆயிரம் வத்தலில் ஒன்றில் நஞ்சு குவிந்திருக்கும், மற்றவற்றில் ஒன்றுமே இருக்காது. தரகர் நல்ல வத்தலாகப் பொறுக்கி அனுப்பினால் ‘கண்டறியப்படவில்லை’ என்று சுத்தமான தாள் வரும். தாள் பொய் இல்லை, சாம்பிள்தான் பொய். மூன்றாவது, லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரை இருந்தால் போதாது. அந்த லேபுக்கு எந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்று கேளுங்கள். ஈரப்பதத்துக்கும், எரித்தால் மிஞ்சும் சாம்பல் அளவுக்கும் மட்டும் அங்கீகாரம் வைத்திருக்கிற லேப்பின் அஃப்ளாடாக்சின் முடிவை நான் நம்ப மாட்டேன்.

பிற்பாடு எப்போதாவது ஒழுங்காகச் சோதிக்க வேண்டுமென்றால், மொத்தத்தையும் அரைத்துக் கலந்த பிறகு பல இடத்திலிருந்து எடுத்த பொடியைக் கொடுங்கள். தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், தூத்துக்குடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஆய்வுக்கூடம் இரண்டிலும் முன்கூட்டியே பேசிப் பாருங்கள்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், விழா எடுத்தார்கள். அதே மிளகாய் பல ஊர்களில் இன்னும் ரோட்டோரத்திலும் வெறும் மண்ணிலும்தான் காய்கிறது. நாலு ஊருக்கு ஒரு சிமெண்டுக் களமும் தார்ப்பாயும் கொடுத்தால் பாதி அஃப்ளாடாக்சின் அங்கேயே நின்றுவிடும். அதைச் செய்யாமல் கடைசியில் பாக்கெட்டைப் பிடித்துச் சோதிக்கிறோம். சந்தேகப்பட்டுப் பொருளை வாங்குகிறவரே பணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம் என்று 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொல்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. இப்படியொரு உரிமை இருப்பதை எந்தக் கடைவாசலிலாவது எழுதிப் போட்டிருக்கிறார்களா?

கிருமிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பொடி விற்பதால் ஒரு வார்த்தை. சால்மோனெல்லா என்ற கிருமி உலர்ந்த மசாலாவில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குழம்பில் கொதித்தால் செத்துவிடும். அப்படியே தூவிச் சாப்பிடும் இட்லிப் பொடி, பருப்புப் பொடிக்கு வத்தலை நன்றாக வறுக்காமல் அரைக்காதீர்கள். காயும் இடத்தில் கோழி, பல்லி வராமல் பாருங்கள்.

அடுத்த முறை வத்தலைத் தரையில் நேரடியாகப் போடாமல் சுத்தமான படுதாவின் மேல் மெல்லிசாகப் பரப்புங்கள். குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும், மடக்கினால் ஒடிய வேண்டும். ஈரம் 11 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஈர வத்தலை எந்த அவசரத்திலும் சாக்கில் கட்டாதீர்கள், பட்டாலையில் பாய் விரித்துக் கொட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போங்கள்.

பூத்த சாக்கை எரிக்க வேண்டாம், தெருவே இருமும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, தோட்டத்தில் கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். குப்பையில் போட்டால் யாராவது பொறுக்கிக்கொண்டு போய் அதே தரகரிடம் கொடுப்பார்கள்.