மாட்டு டாக்டரம்மா பதில்கள்: மடியில் இருக்கிறது, வாளியில் இல்லை

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி பால் பற்றியவைதான். 31 வருடம் கொங்கு நாட்டு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவளிடம் வேறு எதைக் கேட்பார்கள்! ஒரே ஒரு கடிதம் மட்டும் மாட்டைப் பற்றியது இல்லை. அதற்கும் பதில் எழுதியிருக்கிறேன், ஒரு தயக்கத்தோடு.

டாக்டரம்மா, எங்கள் ஜெர்சி கலப்பு மாடு ஈன்று பன்னிரண்டாம் நாள் கன்று செத்துவிட்டது. அதுவரை வேளைக்கு 6 லிட்டர் கறந்தது. இப்போது ஒரு லிட்டரோடு நிறுத்திக்கொள்கிறது. மேற்கொண்டு காம்பைத் தொட்டால் உதைக்கிறது. மடி மட்டும் கல் மாதிரி இருக்கிறது. ஊசி போட்டால் இறங்கிவிடும் என்கிறார்கள் பக்கத்துத் தோட்டத்தில். போடலாமா? (வாசகர், தாராபுரம்)

முதலில் நான்கு காம்பிலும் ஒவ்வொரு பீச்சு உள்ளங்கையில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக வந்தாலோ, மடி சுட்டாலோ, அது மடிநோய். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். பால் சுத்தமாக இருந்தால் மேலே படிக்கலாம்.

பால் சுரப்பது ஒரு வேலை, இறங்குவது இன்னொரு வேலை. உங்கள் மாடு முதல் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருக்கிறது, கல் மாதிரி மடி அதற்குச் சாட்சி. மடிக்குள் திராட்சைக் குலை போலக் கண்ணுக்குத் தெரியாத அறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அறையின் உள்சுவரில் இருக்கும் ஒற்றை வரிசை செல்கள்தான் பாலைச் செய்கின்றன. அறையைச் சுற்றி, கூடை பின்னியதுபோல் தசைச் செல்கள். காம்புக்கு மேலே உள்ள தொட்டியில் தானாக வடிந்து நிற்பது மொத்தப் பாலில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. உங்களுக்குக் கிடைக்கிற ஒரு லிட்டர் அந்தத் தொட்டிப் பால். மீதி 5 லிட்டரும் அறைகளுக்குள்ளேயே நிற்கிறது.

அதை வெளியே தள்ள ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வேண்டும். வெறும் 9 அமினோ அமிலம் (புரதங்களைக் கோக்கிற மணிகள்) கோத்த சின்னஞ்சிறு சங்கிலி அது. கன்று மடியை முட்டினதும் மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரியிலிருந்து ரத்தத்தில் இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் மடிக்கு வந்து, கூடைத் தசையைச் சுருக்கும். சில மாடுகளுக்கு வாளிச் சத்தமே போதும். ஆனால் சில நிமிடங்கள்தான் வேலை செய்யும். மடியைக் கழுவிவிட்டு போன் பேசப் போனவர்கள் திரும்பி வரும்போது அது தீர்ந்திருக்கும். மாடு பயந்தாலோ, அடி வாங்கினாலோ அட்ரீனலின் வந்து வழியை மறித்துக்கொள்ளும். உதைக்கிறது என்று நீங்கள் நாலு வைத்தால், அன்றைய பாலை நீங்களே மறித்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்களுக்கு ஹார்மோன் பெயர் தெரியாத காலத்திலேயே இந்த விஷயம் தெரியும். வைக்கோல் கன்று செய்தது வேறெதற்கு? வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெள்ளகோவில் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துத் தைத்து முன்னால் நிறுத்தியிருந்தார்கள். மாடு நக்கி நக்கித் தையல் பிரிந்து வைக்கோல் வெளியே வந்துவிட்டது. அந்த வைக்கோலையும் மாடே தின்றது. தின்றுகொண்டே பாலையும் விட்டது!

இப்போது தோல் எல்லாம் வேண்டாம். தினமும் அதே ஆள், அதே நேரம், அதே இடம். முன்னால் ஒரு கை தீவனம். வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி, துணியால் ஒரு நிமிடம் நன்றாகத் தேய்த்துவிட்டு உடனே உட்கார்ந்து 6, 7 நிமிடத்தில் கறந்து முடியுங்கள். ஒரு வாரம் பொறுமை வேண்டும்.

அந்த ஊசியில் இருப்பதும் இதே ஆக்ஸிடோசின்தான். அது வேண்டாம். பால் இறக்க ஊசி போடுவது 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் வருகிற குற்றம். அதைவிடப் பெரிய தொல்லை, நாலு நாள் போட்டால் ஐந்தாம் நாள் ஊசியைக் காட்டாமல் மாடு பால் விடாது. ‘அந்தப் பாலைக் குடித்தால் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயசுக்கு வந்துவிடும்’ என்ற பயத்தை நான் ஆதரிக்கவில்லை. வாய்வழியாகப் போகிற ஆக்ஸிடோசின் மற்றப் புரதங்களைப் போல வயிற்றில் செரித்துவிடும். என் கோபமெல்லாம் மாட்டுக்காகத்தான்.

எங்கள் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடு நாளைக்கு 14 லிட்டர் கறக்கிறது. பால் சொசைட்டியில் ஃபேட் (கொழுப்புச் சதவீதம்) 3.2-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. எதிர்வீட்டு எருமை 6 லிட்டர்தான், ஃபேட் 7.5. இது ஜீன் விவகாரம் என்கிறான் என் மகன். அப்படியா? (வாசகி, பெருந்துறை)

முதலில் ஒரு கணக்கு. 14 லிட்டரில் 3.2 என்றால் கிட்டத்தட்ட 450 கிராம் கொழுப்பு. 6 லிட்டரில் 7.5 என்றாலும் அதே 450 கிராம்தான். இரண்டு மாடும் ஒரே அளவு கொழுப்பைத்தான் தருகின்றன. உங்கள் மாடு அதை அதிகத் தண்ணீரில் கரைத்துத் தருகிறது.

மகன் சொன்னதில் உண்மை இருக்கிறது. மாட்டின் 14-ஆவது குரோமோசோமில் டி.ஜி.ஏ.டி-1 என்று ஒரு ஜீன். கொழுப்பு மூலக்கூறைக் கட்டும்போது கடைசிச் செங்கலை வைக்கிற நொதி இதிலிருந்துதான் வருகிறது. 2000-இல் அமெரிக்காவில் இந்த ஜீனை நீக்கிய எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். எலி பிழைத்தது, குட்டியும் போட்டது, பால் மட்டும் சுரக்கவில்லை. அந்த நேரத்தில் பெல்ஜியத்தின் லீஜ் பல்கலைக்கழகத்தில் மிஷல் ஜார்ஜ் குழுவினர், பால் கொழுப்பைக் கூட்டிக் குறைக்கிற ஏதோ ஒன்று 14-ஆவது குரோமோசோமின் நுனியில் இருக்கிறது என்று வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்கள். எலிச் சேதி அவர்களுக்குக் கை காட்டியது. 2002-இல் பிடித்துவிட்டார்கள். அந்த நொதியின் 232-ஆவது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருந்தால் கொழுப்பு கூடும், பாலின் அளவு குறையும். அதே இடத்தில் அலனின் இருந்தால் பால் கூடும், கொழுப்பு குறையும். ஒரே ஓர் எழுத்துப்பிழை மாதிரி. ஆனால் எது பிழை, எது சரி என்று சொல்ல முடியாது. உங்கள் சொசைட்டி எதற்குக் காசு கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது.

நம் நாட்டு மாடுகளிலும் எருமைகளிலும் சோதித்தபோது கிடைத்தது லைசின் வகைதான். எச்.எஃப். இனத்தில் இரண்டும் கலந்து கிடக்கிறது. இந்த ஒரு ஜீனே எல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள். எருமைக்கும் பசுவுக்கும் வேறு எத்தனையோ வித்தியாசம் உண்டு. பாலின் அளவைத் தீர்மானிக்கிறதில் நூற்றுக்கணக்கான ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சம் கை வைக்கின்றன.

சரி, ஜீனை மாற்ற முடியாது. என்ன செய்யலாம்? இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, சோளத்தட்டு, வைக்கோல் போதுமான அளவு போடுகிறீர்களா? நார்த்தீனி இரைப்பையில் நொதித்து உண்டாகிற அசிட்டேட்டிலிருந்துதான் மடி கணிசமான பங்கு கொழுப்பைச் செய்கிறது. மூட்டைத் தீவனத்தை வாரி வைத்துத் தட்டைக் குறைத்தால் ஃபேட் விழும். இரண்டு, கன்றுக்கு எந்தப் பாலை விடுகிறீர்கள்? முதலில் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, கடைசிப் பாலைக் கன்றுக்கு விடுகிற வீடுகள் நிறைய. முதல் பீச்சில் இருப்பதைப்போல மூன்று நான்கு மடங்கு கொழுப்பு கடைசிப் பாலில் இருக்கிறது. ஆக, கன்று வெண்ணெய் தின்கிறது, நீங்கள் மெஷினில் 3.2 பார்க்கிறீர்கள். முதல் பாலைக் கன்றுக்குக் கொடுத்து, கடைசிவரை ஒட்டக் கறந்து பாருங்கள்.

நாட்டு மாட்டுப் பால் ஏ2, கலப்பு மாட்டுப் பால் விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா? (வாசகர், சேலம்)

பீட்டா கேசின் என்கிற பால் புரதம் 209 அமினோ அமிலச் சங்கிலி. அதில் 67-ஆவது இடத்தில் புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. நம் நாட்டு மாடுகள் பெரும்பாலும் ஏ2 என்பது சரி. விஷம் என்பது சரியில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2009-இல் ஆய்வுகளையெல்லாம் அலசி, ஏ1 பாலால் நோய் வருகிறது என்று காட்ட ஆதாரம் இல்லை என்றது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போடக்கூடாது என்று உத்தரவு போட்டு, சில நாளிலேயே வாபஸும் வாங்கியது. நாட்டு மாடு வளர்க்க வேறு நல்ல காரணம் ஆயிரம் இருக்கிறது. இந்த மிரட்டல் தேவையில்லை.

தப்பாக நினைக்காதீர்கள், இது மாட்டுக் கேள்வி இல்லை. மகளுக்கு ஆபரேஷனில் குழந்தை பிறந்து மூன்று நாள். பால் போதவில்லை. எனக்கும் அந்தக் காலத்தில் பால் குறைவுதான். இது வம்சத்தில், ஜீனில் வருவதா? (வாசகி, கரூர்)

தப்பாக நினைக்கவில்லை. மகளையும் பேரனையும் டாக்டரிடம் காட்டுங்கள். என் பதிலை அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தை சிறுநீர் போவது குறைந்தாலோ, சுணங்கிக் கிடந்தாலோ இதழை மூடிவிட்டு இப்போதே கிளம்புங்கள்.

எனக்கும் முதல் பிரசவம் ஆபரேஷன்தான். இரண்டாம் நாள் நர்ஸ் வந்து, “பால் இல்லை” என்று சொல்லிவிட்டுப் புட்டியில் மாவுப்பால் கொடுத்துவிட்டார். வயிறு நிறைந்த குழந்தை தூங்கிவிட்டது. மாமியார் பால்சுறா புட்டும் பூண்டுமாகக் கொடுத்துத் தள்ளினார். அத்தனை மாடுகளுக்கு ‘கன்றை விடுங்கள், கறக்கக் கறக்கத்தான் ஊறும்’ என்று சொன்ன எனக்கு, என் விஷயத்தில் அது உறைக்க நாலு நாள் ஆனது.

உள்ளே நடப்பது இதுதான். கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், பால் சுரப்பை அடக்கிப் பிடித்திருக்கும். நஞ்சுக்கொடி விழுந்ததும் அது சரசரவென்று இறங்கும். அதற்கப்புறம்தான் பாலைச் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினுக்கு வழி. புறா தன் தொண்டைப் பையில் சுரக்கும் பாலை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி ஆஸ்கார் ரிடில் 1930-களில் வைத்த பெயர் அது. புரோலாக்டின் செல்லுக்குள் போவதில்லை. வாசலில் நின்று மணியடிக்கும். மணி கேட்டு ஜாக்2 என்ற புரதம் விழிக்கும். அது ஸ்டாட்5 என்ற புரதத்தை எழுப்பும். ஸ்டாட்5 செல்லின் உட்கருவுக்குள் ஓடிப்போய் கேசின் ஜீன்களை முடுக்கிவிடும். 1994-இல் பெர்ன்ட் குரோனர் என்ற விஞ்ஞானியின் குழு செம்மறியாட்டு மடியிலிருந்து இதன் ஜீனைப் பிரித்தபோது ‘பால்சுரப்பிக் காரணி’ என்றுதான் பெயர். ஸ்டாட்5-இல் ஒரு வகையான ஸ்டாட்5ஏ இல்லாத பெண் எலிகளால் குட்டிகளுக்குப் பால் கொடுக்க முடியவில்லை என்பது 1997-இல் தெரிந்தது.

இந்த ஜீன்கள் பழுதாகிப் பால் சுரக்காத தாய்மார் மிக அபூர்வம். சாதாரணமாகப் பால் பெருகவே இரண்டு மூன்று நாள் ஆகும்; ஆபரேஷன் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளும். அதுவரை வருகிற சீம்பால் ஸ்பூன் கணக்கில்தான் இருக்கும். தாமதமாகக் கொடுக்க ஆரம்பித்தது, குழந்தை சரியாகக் கவ்வாதது, நஞ்சின் துண்டு உள்ளே தங்கியது, அதிக ரத்தப்போக்கு, தைராய்டு, இவைதான் டாக்டர்கள் முதலில் பார்ப்பவை. குழந்தை சப்பும்போதெல்லாம் புரோலாக்டின் ஏறும். தேங்கிய பால் ‘போதும்’ என்று தானே செல்லுக்குச் சொல்லும், செரடோனின் என்ற ரசாயனம் அதில் ஓர் ஆள். அதனால் இரவும் பகலும் அடிக்கடி மார்பில் போடச் சொல்லுங்கள். உங்களுக்குப் பால் குறைவாக இருந்தது என்கிறீர்கள். அந்தக் காலத்தில் உங்களுக்கும் யாராவது புட்டியோடு வந்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். பால்சுறா புட்டு கொடுக்கலாம், ருசியாக இருக்கும்.

மாட்டுக்குத் தண்ணீர் நிறையக் காட்டினால் பால் பெருகுமா? தாத்தா பெருகும் என்கிறார், சயின்ஸ் டீச்சர் சிரிக்கிறார். (பள்ளி மாணவி, ஒட்டன்சத்திரம்)

தாத்தா பாதி சரி. பாலில் 87 சதவீதம் தண்ணீர். லிட்டருக்கு நாலைந்து லிட்டராவது மாடு குடிக்க வேண்டும், குறைந்தால் பால் குறையும். ஆனால் தேவைக்கு மேல் குடித்தால் சிறுநீராகத்தான் போகும்.

தண்ணீரை மடிக்குள் இழுப்பது லாக்டோஸ் என்ற சர்க்கரை. அதைச் செய்ய ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற புரதம் வேண்டும். அந்த ஜீனை நீக்கிய எலிகளின் பால் இழுக்க முடியாத அளவு கெட்டியாகி, குட்டிகள் குடிக்க முடியாமல் தவித்தன. தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் ஒரு வகை ரோமக் கடல்நாய் இருக்கிறது. அதற்கு இந்தப் புரதம் வேலை செய்வதில்லை, பால் கொழகொழவென்று கொழுப்பாக இருக்கும். குட்டியைக் கரையில் விட்டுவிட்டு வாரக்கணக்கில் கடலில் மீன் பிடிக்கப் போகும், மடி வற்றாது. நம் மாட்டை அத்தனை நாள் கறக்காமல் விட்டால் வற்றிப்போகும். மடிச் செல்களைச் சாகச் சொல்வதிலும் ஆல்ஃபா லாக்டால்புமினுக்குப் பங்கு உண்டு, அது இல்லாததால் கடல்நாய் தப்பிக்கிறது என்று நினைக்கிறார்கள். இதை டீச்சரிடம் சொல். தொட்டியில் தண்ணீர் எப்போதும் நிரம்பியிருக்கட்டும் என்று தாத்தாவிடம் சொல்.