மசகுப் படலத்தை ஆராயப் போகும் முன்

பரந்தனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அறிவியல்நகரில் பொறியியல் முடித்தேன். மசகிட்ட இயந்திரத் தொடுகைகளின் எண்முறை மாதிரியாக்கத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு வெளிநாட்டில் விண்ணப்பித்தேன். அடுத்த மாதம் நேர்முகம். அப்பாவின் நெல் மில்லில் பெயரிங் மாற்றிப் பழகியவள் நான். மூன்று நாலு வருடம் கணினிக்கு முன்னால் இருப்பது எனக்குச் சரிவருமா? இப்போது எதைப் படிக்க வேண்டும்?"

தங்கச்சி, பழுதான பெயரிங்கைக் கழற்றி, ஓடுபாதையில் செதில் செதிலாகக் கழன்ற உருக்கைப் பார்த்திருப்பீர்கள். மசகு, அதாவது எண்ணெய், இட்ட உலோகங்கள் தொடும் அந்த இடத்தைத்தான் நீங்கள் கணினியில் கணித்து ஆராயப்போகிறீர்கள். குண்டும் பாதையும் தொடும் பரப்பு ஒரு நெல்மணியிலும் சிறியது. அங்கே அழுத்தம் 1 கிகாபஸ்கால், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு வரை போகும். நடுவில் நிற்கும் எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் 1 மைக்ரோமீற்றருக்கும் குறைவு. அந்த அழுத்தத்தில் எண்ணெய் இறுகித் திண்மம் போலாகிறது, உருக்கு நசிந்து கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் படலத்தைக் காப்பாற்றுகின்றன.

எண்ணெயின் ஓட்டத்துக்கு 1886இல் ரெனால்ட்ஸ் தந்த சமன்பாடு இருக்கிறது. வாய்க்கால் கணக்குத்தான்: உள்ளே வந்தது வெளியே போகவேண்டும், இடைவெளி ஒடுங்கினால் அழுத்தம் ஏறும். உருக்கின் நசிவுக்கு 1880களிலேயே ஹெர்ட்ஸ் வழி காட்டிவிட்டார். சிக்கல் இரண்டையும் ஒன்றாகத் தீர்ப்பதில்தான். அழுத்தம் வடிவத்தை மாற்றும், மாறிய வடிவம் அழுத்தத்தை மாற்றும். டௌசனும் ஹிகின்சனும் 1959இல் கோட்டுத் தொடுகைக்கு (உருளை போல ஒரு கோட்டின் நீளத்துக்குத் தொடுவது) இதைக் கணினியில் தீர்த்துக் காட்டினார்கள். இன்றும் பாரமான சுமையில் கணிப்பு ஒருங்காமல், அதாவது ஒரு விடையில் நிலைக்காமல், சிதறும். ஆய்வு மாணவரின் நாட்கள் அதிகம் கழிவது அந்தச் சிதறலோடுதான்.

அதனால் தடித்த புத்தகங்களை இப்போது தூக்காதீர்கள். இந்த ஒரு மாதத்தில் சின்ன நிரல் ஒன்றை நீங்களே எழுதுங்கள். பைத்தனோ ஒக்டேவோ போதும், பழைய மடிகணினியே தாங்கும். முதலில் தட்டையான பரப்பின் மேல் எண்ணெயில் வழுக்கும் சரிவான தட்டு ஒன்றை எடுத்து, முடிவுள்ள வித்தியாச முறையில் (நீளத்தைச் சிறு துண்டுகளாக்கிக் கணிப்பது) ஒருபரிமாண ரெனால்ட்ஸ் சமன்பாட்டைத் தீர்க்கலாம். வெளிவாயின் இடைவெளியை மாற்றாமல் உள்வாயை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள். உள்வாய்க்கும் வெளிவாய்க்குமான விகிதம் ஏறத்தாழ 2.2 வரும்போது தாங்கும் சுமை உச்சத்தைத் தொடவேண்டும். தொடாவிட்டால் நிரலில் பிழை.

பிறகு துளைக்குள் எண்ணெயில் சுழலும் அச்சுக்குப் போங்கள். இடைவெளி விரியும் பாதியில் மறை அழுத்தம் (பூச்சியத்துக்குக் கீழே) வரும். எண்ணெய் அப்படி இழுபட்டு நிற்காது, பிளந்து குமிழ்விடும். மறைப் பெறுமானங்களைப் பூச்சியமாக்கினால் சுமை ஓரளவு சரியாக வரும், ஆனால் எண்ணெயின் கணக்கு உதைக்கும். ஏன் என்று நீங்களாகவே கண்டுபிடித்தால் நேர்முகத்தில் பத்து நிமிடம் தாராளமாகப் பேசலாம்.

நேரம் மிஞ்சினால், குண்டுத் தொடுகையில் படலத்தின் தடிப்பைத் தரும் ஹாம்ரொக்-டௌசன் சூத்திரத்தோடு விளையாடிப் பாருங்கள். சுமையை இருமடங்காக்கினால் தொடுகையின் நடுவில் உள்ள படலம் 5 சதவீதமளவுதான் மெலியும். வேகத்தை இருமடங்காக்கினால் 60 சதவீதமளவு தடிக்கும். மில்காரர் பலர் இதை மறுபுறமாகத்தான் நினைக்கிறார்கள். அப்பாவிடமும் சொல்லிப் பாருங்கள்.

சரிவருமா என்ற கேள்விக்கும் விடை அந்த நிரலில்தான் கிடைக்கும். ஒருங்காத கணிப்பு இரவு பதினொரு மணிக்கும் உங்களை எழும்பவிடாமல் வைத்திருந்தால் தயங்காமல் போங்கள். எரிச்சல் மட்டுமே வந்தால், இதே துறையில் பரிசோதனை சார்ந்த இடம் தேடுவதுதான் நல்லது. உங்கள் கைப்பழக்கத்துக்கு அங்கே நல்ல மதிப்பு.

நேர்முகத்தில் நீங்களும் கேளுங்கள். கணிப்பை எந்த அளவீட்டோடு ஒப்பிடுவார்கள்? கண்ணாடித் தட்டில் உருக்குக் குண்டை உருட்டி, ஒளித் தலையீட்டால் (ஒளியலைகள் ஒன்றோடொன்று சேரும்போது தோன்றும் நிறக் கோலத்தால்) படலத்தை அளக்கும் கருவி அந்த ஆய்வுகூடத்தில் இருக்கிறதா? நிரலைப் புதிதாக எழுத வேண்டுமா, முன்னைய மாணவர் விட்டுப்போனதைத் தொடர வேண்டுமா? உதவித்தொகை முழுக் காலத்துக்குமா? ஒப்பிட அளவீடே இல்லை என்றால் நானாக இருந்தால் அந்த இடத்தை ஏற்கமாட்டேன். சரிபார்க்க முடியாத வரைபடங்களை மூன்று வருடம் கீறிக் களைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போகும்போது உங்கள் வரைபடங்களைக் கொண்டுபோங்கள், பிழைத்துப்போன ஒன்றையும் சேர்த்து. அது எங்கே பிழைத்தது என்று நீங்கள் விளக்கும் விதத்தைத்தான் நல்ல மேற்பார்வையாளர் கவனிப்பார்.