வளைந்த முதுகோடு வெயிட் தூக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. பெருங்குடியில் ஐடி வேலை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பதாகப் பள்ளி நாளிலேயே சொன்னார்கள். போன மாதம் எடுத்த எக்ஸ்-ரேயில் 22 டிகிரி. நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு வலிக்கிறது. "வெயிட் தூக்குங்க, முதுகு நிமிர்ந்துடும்" என்கிறார் ஜிம் டிரெயினர். "கனமே தூக்காதே" என்கிறார் அம்மா. யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: தூக்கச் சொல்வதில் டிரெயினர் சரி. நிமிர்ந்துவிடும் என்பது கதை.

முதலில் அம்மாவின் பயத்தைப் பார்ப்போம். வளைவு 10 டிகிரியைத் தொட்டால்தான் ஸ்கோலியோசிஸ் என்றே சொல்வார்கள். வளர்ச்சி நின்ற பிறகு, 30 டிகிரிக்குள் இருப்பது பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். 50-ஐத் தாண்டியதுதான் வருஷா வருஷம் கொஞ்சம் கூடப் பார்க்கும். லாமர் காண்ட் என்ற அமெரிக்க பவர்லிஃப்டருக்கு ஸ்கோலியோசிஸ் உண்டு. அந்த முதுகோடுதான் 1985-இல் தன் எடையைப் போல் ஐந்து மடங்கை டெட்லிஃப்டில், அதாவது தரையிலிருந்து தூக்கி நிமிரும் முறையில், தூக்கினார். உங்களை அவ்வளவு தூக்கச் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லிவைக்க உதவும். அப்புறம் இதையும் கேளுங்கள்: வீட்டில் தண்ணி கேனைக் கவிழ்ப்பது யார்? நிரம்பிய கேன் 20 கிலோவுக்கு மேல். அதைக் குனிந்து, இடுப்பைத் திருப்பி, ஒரே மூச்சில் தூக்குகிறோம். ஜிம்மில் நாலு கிலோ டம்பெல்லில் ஆரம்பிப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

டிரெயினர் விஷயத்துக்கு வருவோம். 27 வயதில் வளைவு நிமிரும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். கிடைக்கப்போவது வேறு: முதுகுக்கும் இடுப்புக்கும் பலம், நீண்ட நேரம் உட்கார்ந்தாலும் தாங்கும் சக்தி. வலிக்குக் காரணம் வளைவுதானா என்பதே சந்தேகம். நேரான முதுகோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கும் இதே வலி வருகிறதே.

எடுத்த எடுப்பில் தோளில் பார்பெல் (இரு முனையிலும் எடை மாட்டிய நீளக் கம்பி) வேண்டாம். டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, ஒரு ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்து எழுந்திருங்கள். இதுவும் ஸ்குவாட்தான். பெஞ்சில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் டம்பெல்லை விலாவரை இழுங்கள். தவழும் நிலையில் எதிரெதிர்க் கை காலை நீட்டிப் பத்து விநாடி நிறுத்துங்கள். சைட் பிளாங்க், அதாவது ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது, முழங்காலை ஊன்றியே போதும். ஒரு பக்கம் சீக்கிரம் தளர்ந்துவிடும், அது சகஜம். பலவீனமான பக்கத்திலிருந்து தொடங்கி, அங்கே எத்தனை முடிகிறதோ மறுபக்கமும் அத்தனையே செய்யுங்கள். கண்ணாடியில் தோள் சமமாகத் தெரிய வேண்டும் என்று உடம்பை முறுக்காதீர்கள். உங்கள் உடம்புக்கு அந்தச் சாய்வுதான் இயல்பு. வாரம் இரண்டு நாள், இடையில் ஓய்வு. லேசான வலி வந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் பரவாயில்லை. அடங்காவிட்டால் எடையைக் குறையுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை சிரமமில்லாமல் முடிந்த பிறகு ஒரு கிலோ கூட்டினால் போதும்.

தொடங்கும் முன் எக்ஸ்-ரேயோடு ஒரு பிசியோதெரபிஸ்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறினாலோ அன்றே ஆஸ்பத்திரி; அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் உங்கள் டிரெயினர் முதல் நாளே பார்பெல்லைத் தோளில் வைத்தால், ஜிம்மை மாற்றுங்கள்.