மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டும் வாடிக்கையாளர்கள் நிலைக்கவில்லை. என்ன செய்யலாம்?

எண்ணெய் மாதாமாதம் தீர்கிற பொருள். எனவே புது ஆளைத் தேடும் முன், ஒருமுறை வாங்கியவர் ஏன் திரும்ப வரவில்லை என்று பாருங்கள்.

கடலை எண்ணெயில் ஒரு முக்கியக் காரணம் நுரை. செக்கில் ஆட்டிய எண்ணெய் பூரி, வடை போடும்போது பொங்கி வரும். பாக்கெட் எண்ணெயே பழகியவர்கள் அதைக் கலப்படம் என்று நினைத்துவிடுவார்கள். புகார்கூடச் சொல்லமாட்டார்கள், வராமல் நின்றுவிடுவார்கள். விற்கும்போதே சொல்லிவிடுங்கள்: "அக்கா, இது நுரைக்கும், பாதி வாணலிக்கு மேல ஊத்தாதீங்க. அடியில கொஞ்சம் கசடு நிக்கும்." அதையே கேனிலும் ஒட்டுங்கள்.

விலைக்கு வருவோம். "சூப்பர் மார்க்கெட்டில் இதைவிடக் கம்மி" என்பவரிடம் கணக்கைக் காட்டுவதுதான் எடுபடும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு போகும். அன்றைய பருப்பு விலையை எண்ணெய் விலைக்குப் பக்கத்திலேயே பலகையில் எழுதி வையுங்கள். இன்னொன்று, ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான். எதிர்க்கடை லிட்டர் விலை சொல்ல, நீங்கள் கிலோ விலை சொன்னால், ஒரே விலைக்கு விற்றாலும் 10 சதவீதம் கூடுதலாகத் தெரிவீர்கள். "மாரடைப்பு வராது, சர்க்கரை குறையும்" என்றெல்லாம் தயவுசெய்து போடாதீர்கள். நிரூபிக்க முடியாத வாக்குறுதி சட்டப்படியும் தவறு.

நான் அதிகம் நம்புவது வாட்ஸ்அப் பிசினஸைத்தான். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பில் போடும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லி, ஒரு 'ஹாய்' அனுப்ப வையுங்கள். நோட்டில் பெயர், அளவு, தேதி எழுதுங்கள். மாதம் 2 லிட்டர் வாங்கும் வீட்டுக்கு, வாங்கிய 25-ஆம் நாள், "எண்ணெய் தீரப்போகுதா? எடுத்து வைக்கட்டுமா?" என்று தனியாகக் கேளுங்கள். தினமும் காலை வணக்கம் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவது இலவசம். குறி சரியான வாசலில் விழுகிறதா என்று நடந்தே பாருங்கள். தள்ளுபடி கொடுத்து ரிவ்யூ வாங்காதீர்கள், அது கூகுள் விதிக்கு எதிரானது.

இவையெல்லாம் சரியான பிறகு விளம்பரம். நோக்கமாக லைக்கை வைக்காமல் 'மெசேஜ்' என்று தேர்ந்தெடுங்கள். கடையைச் சுற்றி எவ்வளவு தூரத்திலிருந்து ஆட்கள் வருவார்களோ அந்தச் சுற்றளவு போதும். 1,000 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,180 ஆகும். 8 பேர் புதிதாக வந்தால் ஆளுக்கு ஏறக்குறைய 148 ரூபாய். லிட்டருக்கு 40 ரூபாய் லாபம் நிற்குமானால் நான்காவது லிட்டரில்தான் அந்தக் காசு திரும்பும். அதனால் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு அதே நோட்டில் குறியுங்கள். இரண்டு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் மறுபடி வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அடுத்த விளம்பரத்துக்குப் பணம் கட்டலாமா என்று முடிவெடுங்கள்.